முதல் அசையில் அழுத்தம்

"தலையில அழுத்து ஹார்ம்! வால்ல அழுத்தாத. எத்தனை தடவைதான் சொல்றது?"

ரென்ஸ்கெ மேஜையை நான்கு முறை தட்டினாள். முதல் தட்டு மட்டும் பலமாக விழுந்தது.

"ஸ்லாப்... கா... மர்... ராம். எங்க, சொல்லு."

படுக்கையறை ஜன்னல், அவ்வளவுதான். தூக்கம், அறை, ஜன்னல் மூன்றையும் ஒட்டி ஒரே மூச்சில் சொல்லவேண்டும். அழுத்தம் முதல் அசையில். டச்சுக் குழந்தைகூடத் தூக்கத்தில் சொல்லிவிடும்.

"ஸ்லா... ப்கா..." ஹார்ம் திணறினான். "மர்... ராஆம்!"

"ஒடிக்கக் கூடாத இடத்துல ஒடிச்சுட்ட. அழுத்தமும் கடைசியில. என்னால முடியலப்பா."

ஹார்ம், பக்கவாதம் வந்து பேச்சு போன அவளுடைய முன்னாள் கணவன். ஒரே மகன் கனடாவில். வேறு நாதியில்லை என்று, விவாகரத்தாகி ஒன்பது வருடம் கழித்து, அஸ்ஸன் நகரிலிருந்து பெட்டியோடு வந்திருந்தாள் ரென்ஸ்கெ. "பேச்சு வர்ற வரைக்கும்தான். வந்த அன்னைக்கே ரயில் ஏறிடுவேன்" என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தாள். அந்தப் பெட்டி இன்னும் வாசல் பக்கத்திலேயே நின்றது.

"இந்த ஒரு வார்த்தையைச் சரியாச் சொல்லு, சாயங்கால ரயிலுக்கே கிளம்பிடறேன். அங்க என் தோட்டம் புதர் மண்டிக் கெடக்கு. உன்னோட குடும்பம் நடத்தினப்பகூட இவ்வளவு அலுத்துப் போகல."

ஹார்ம் மறுபடி முயன்றான். மறுபடி ஒடிந்தது.

"கோந்து போட்டாலும் ஒட்டாது போல." ஆறிப்போன காபியை நகர்த்தி வைத்துவிட்டு, குப்பைப் பையை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனாள். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது.

கதவு சாத்தியதும் பூனை மேஜையில் ஏறியது.

"இறங்குடா குண்டா," என்றான் ஹார்ம், தெள்ளத் தெளிவாக. "ஸ்லாப்காமர்ராம் தொறந்திருக்கு, அங்க போய் உக்காராத, நனைஞ்சிடுவ. இந்த வாரமும் அவ ஊருக்குப் போகமாட்டா. நாக்கை முறுக்கி முறுக்கி எனக்குத்தான் வாய் வலிக்குது."

ஒரு அசைகூட ஒடியவில்லை. அழுத்தம் விழவேண்டிய இடத்தில் கச்சிதமாக விழுந்தது.

பின்கதவுக்கு வெளியே, தினமும்போல அவன் பூனையோடு பேசி முடிக்கும்வரை மழையில் நின்றிருந்த ரென்ஸ்கெ, பலமாக ஒருமுறை இருமிவிட்டு உள்ளே வந்தாள்.

"இது உனக்கு இப்போதைக்கு வராது ஹார்ம். ஆஸ்பத்திரியில பேச்சுப் பயிற்சி குடுக்கிற அம்மாகிட்ட சொல்லி, இன்னும் நீளமான வார்த்தையா வாங்கிட்டு வரேன்."