பேசிக்கொண்டே இருங்கள்

“நான் வெளியில ஒரு வார்த்தை விட்டிருந்தா என் நாக்கு அழுகிப் போகட்டும் அத்தான்!”

மெத்தைக் கம்பெனி முதலாளியிடம் அவருடைய மைத்துனன் இப்படித்தான் அலறினான். நான் ஒரு சொல்லைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. இனி வருவதும் அப்படியேதான், சத்தியமாக.

“அப்ப எதிர்க் கம்பெனிக்காரனுக்குக் கனவுல வந்துச்சா? மெத்தைக்கு ரெண்டு தலையணை இலவசம்னு காலையில உன்கிட்ட போன்ல சொல்றேன். மத்தியானம் அவன் வாசல்ல மூணு தலையணை இலவசம்னு போர்டு தொங்குது!”

“யாரோ ஒட்டுக்கேட்கிறாங்க அத்தான்.”

“அதுக்குத்தான் இவரை வரச் சொல்லியிருக்கேன். இங்க ஒண்ணும் சிக்கலேன்னா, விஷயம் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தான். ஸ்டோர் சாவியை வச்சுட்டு வீட்டுக்குக் கிளம்பிடு.”

வந்திருந்தவர் போன் லைன் சோதிப்பவர். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருங்க சார். பேச்சு காதுல விழுந்தாத்தான் ஒளிச்சு வச்ச மைக் முழிச்சுக்கும். அது முழிச்சாத்தான் என் மெஷின் கத்தும்.”

“இவன்கிட்ட என்னத்தைப் பேசுறது?”

“திட்டுங்களேன். அதுவும் பேச்சுதானே.”

தன் கல்யாணத்தன்று மைத்துனன் காரை மரத்தில் கொண்டுபோய் இடித்ததிலிருந்து முதலாளி ஆரம்பித்தார். நடுவே ரிசீவர் மூடி கிரீச்சென்று திறந்தது. சுவிட்ச் பெட்டியின் திருகாணிகள் மேஜைமேல் விழுந்து உருண்டன. சோதிப்பவர் சுவரை டொக்டொக்கென்று தட்டிக்கொண்டே போனார். முதலாளி மூச்சு வாங்க இந்த வருஷத்துத் தப்புகளுக்கு வந்து சேர்ந்தார். மெஷின் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“சார், ஃபேனுக்கு மேல ஒருதடவை பாருங்க சார்.” மைத்துனன் கெஞ்சினான். “நான் அக்கா முகத்துல முழிக்கணும்.”

“ஏன்டா, அங்கதான் வச்சியா?”

“ஐயோ! கிடைச்சா நான் வச்சது, கிடைக்கலேன்னா நான் சொன்னதா?”

“இப்பத்தான்டா உனக்குக் கணக்கு புரியுது.”

ஏணி முனகியது. மேலிருந்து ஒரு தும்மல்.

“தூசிதான் சார். லைனும் சுத்தம், ரூமும் சுத்தம். இனிமே நீங்க மனசு விட்டுப் பேசலாம்.”

சாவிக்கொத்து மேஜையில் விழுந்தது. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

முதலாளி நீளமாகப் பெருமூச்சு விட்டார்.

“ஒழிஞ்சான். வேற யார்கிட்டயும் சொல்லாதீங்க, நாளைக்கு என்ன செய்யப்போறேன் தெரியுமா? கட்டில் வாங்குறவங்க எல்லாருக்கும்...”

என்ன இலவசம் என்றார் என்பதுதான் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை; எதிர்க் கம்பெனி மாடியில் எனக்குக் கொடுத்திருக்கும் ஹெட்போன் பழசு, நடுநடுவே கரகரக்கும்.