கடலுக்குப் போன நாள்

"நாப்பத்தஞ்சு நாள் எம் பொண்ணைப் பார்க்கக் கூடாதுன்னா, இது தீர்ப்பா, தண்டனையா?"

பிள்ளைச்சாவடி கோயில் மண்டபத்தில், பஞ்சாயத்தார் முன்னால் நின்று கேட்டான் செல்வகுமார். தலைவர் ராமதாஸ் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவன் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது.

சுனாமி வந்து போனதிலிருந்து கடலைக் கண்டாலே அவனுக்கு உடம்பு நடுங்கும். நடுக்கத்துக்கு மருந்து சாராயக்கடையில் இருப்பதாக அவனாகவே முடிவு செய்துகொண்டான். இரண்டு வருஷம் அந்த வைத்தியம் நடந்தது. பொறுத்துப் பார்த்த பெண்டாட்டி சின்னப்பொண்ணு, ஐந்து வயது சங்கவியைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு தள்ளி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

குழந்தை யாருக்கு என்று பஞ்சாயத்துக்கு வந்தது. போன ஐப்பசியில் ராமதாஸ் தீர்ப்பு சொன்னார்.

"புள்ளை அம்மாகிட்ட இருக்கட்டும். நீ கடலுக்குப் போய் வந்த அன்னிக்கு மட்டும் சாயந்திரம் உன் வீட்டுக்கு வரும். போகாத அன்னிக்கு வராது."

ஊரே முகம் சுளித்தது. பயந்து கிடக்கிறவனைப் பிடித்துக் கடலில் தள்ளுவதா?

"உங்க மூஞ்சில கரியைப் பூசறேன் பாருங்க" என்று கத்திவிட்டுப் போன செல்வகுமார், மறுநாள் விடியற்காலை தேங்காய்த்திட்டு துறைமுகம் போய் விசைப்படகில் ஏறினான். முதல் வாரம் முழுக்க வாந்தி. ஆனாலும் ஆறு மாசத்தில் அவன் தவறவிட்டது நாலு நாளோ அஞ்சு நாளோதான். சாயந்திரம் குழந்தை வருகிற வீட்டில் குடித்துவிட்டுக் கிடக்க முடியாதே, அதுவும் நின்றது.

இப்போது சித்திரை பிறந்தது, நாற்பத்தைந்து நாள் தடைக்காலமும் வந்தது. மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று விசைப்படகுகளை சர்க்கார் கரையில் கட்டிப்போட்டுவிட்டது. கடல் இல்லை என்றால் குழந்தையும் இல்லை.

"ஃபைபர் போட்டுக்குத் தடை இல்லையேப்பா" என்றார் பஞ்சாயத்தார் கலியமூர்த்தி.

"கெஞ்சிப் பார்த்துட்டேன். நாலு பேர் போற போட்டுல அஞ்சாவதா என்னை எவன் ஏத்துவான்?" என்றான் செல்வகுமார். "மீனுக்குக்கூட குஞ்சோட இருக்க நாப்பத்தஞ்சு நாள் குடுக்கறாங்க. எனக்கு இல்லையா?"

"கல் மனசுய்யா இந்தத் தலைவருக்கு" என்று கூட்டத்தில் யாரோ முணுமுணுத்தார்கள்.

"தோ, பொம்பளைங்க பக்கத்துல எம் பொண்டாட்டியே வாயைத் திறக்காம உக்காந்திருக்கா. உங்களுக்கு என் மேல அப்படி என்ன வன்மம்? இந்தத் தீர்ப்பைப் போட்டவங்க நல்லா இருப்பாங்களா?" என்று தலைவரிடம் பாய்ந்தான் செல்வகுமார்.

"வாயை அடக்குடா." ராமதாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "ஆறு மாசமா திட்டு வாங்கி எனக்கும் அலுத்துப்போச்சு. தீர்ப்பைச் சொன்னதுதான் நான். கூட்டத்துக்கு மொத நாள் உம் பொண்டாட்டி என் வீட்டுக்கு வந்தா. 'நான் போகச் சொன்னா வீம்புக்குன்னு கரையிலயே கிடப்பாரு. நீங்க சொன்னா வீம்புக்குன்னே போவாரு. உங்களுக்குக் கொஞ்சம் திட்டு விழும், பொறுத்துக்கங்க மாமா'ன்னா. மாத்தணும்னா அவளைக் கேளு."

செல்வகுமார் பெண்கள் பக்கம் திரும்பினான்.

சின்னப்பொண்ணு அவனைப் பார்க்கவில்லை. தலைவரிடம்தான் பேசினாள்.

"தடைக்காலத்துல வலை சரிபண்ற வேலை, போட்டுக்கு பெயின்ட் அடிக்கற வேலையெல்லாம் இருக்கும் மாமா. அதுக்குப் போற நாளையும் கடலுக்குப் போன நாளாவே வெச்சுக்கங்க."

"வேலையே கிடைக்காத நாள்ல?" என்று கேட்டார் ராமதாஸ்.

சின்னப்பொண்ணு முந்தானை நுனியைத் திருகினாள்.

"அன்னிக்குப் புள்ளையைத் தனியா அனுப்ப எனக்கு நம்பிக்கையில்ல. நானும் கூட வந்து அங்கயே இருந்துக்கறேன்."