நகராத எண்

"டேபிள்ல சாஞ்சிக்கிட்டே நிக்கிறியே ஜெபா, வயசாயிடுச்சா?" மாலதி சிரித்தாள்.

"பஸ்ல நின்னுக்கிட்டே வந்தேன், கால் வலிக்குது. நீ உன் வேலையப் பாரு."

ஜெபஸ்டின் நகரவில்லை. பேண்ட் பாக்கெட்டுக்குள் கைவிட்டு, அங்கிருந்த பழைய போர்டின் சுவிட்சைத் தடவிப் பார்த்தே போட்டான்.

சிதம்பரத்தில் இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் அவர்கள் படித்த அதே லேப். பெங்களூரில் பெரிய சிப் டிசைனராகிவிட்ட மாலதியை, அங்கே படிக்கும்போது அவள் செய்த முதல் சிப்பை ஓட்டிக் காட்டச் சொல்லி அழைத்திருந்தார்கள். எதிரே மாணவர்கள் நெருக்கியடித்து நின்றார்கள்.

"இதுக்குள்ள இருக்குற ஆஸிலேட்டர்தான் சிப்புக்கே தாளம் போடுது. சூடு ஜாஸ்தியானா தாளம் தப்பும். தப்பாம ஓடவைக்கிறதுதான் எங்க பொழப்பே!"

ஜெபஸ்டின் தலையைக் குனிந்துகொண்டான். அந்தத் தாளம் தப்பியதை அவன் பார்த்திருக்கிறான்.

படிப்பு முடியும் சமயம், வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு மூன்று நாள் முன்பு, மாலதி சாப்பிடப் போயிருந்த ஒரு மதியம். திரையில் அவள் சிப்பின் தாளத்தைக் காட்டும் எண் நழுவிக்கொண்டே போனது. தன்னுடைய ஆஸிலேட்டர் போர்டை அதன் பக்கத்தில் வைத்தான். எண் நின்றுவிட்டது. இரண்டு அருகருகே ஓடினால், தடுமாறுவது நிலையானதன் தாளத்துக்கு வந்துவிடும்.

வைவா அன்று, "என் போர்டு எரிஞ்சுபோச்சு சார்" என்று சொல்லிவிட்டு, அதை அவள் மேசை டிராயருக்குள் ஓடவிட்டான். அந்த வைவாவைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் கொடுக்க இருந்தது ஒரே ஒரு வேலை. அது அவளுக்குப் போனது. அவனுக்குக் கடலூர் மஞ்சக்குப்பத்தில் யு.பி.எஸ். ரிப்பேர் கடை. இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை. கடையில் ஆள் வராத மதியங்களில் இந்த நினைவு ஒன்றுதான் துணை.

இன்று எண் நழுவினால், இத்தனை பேர் முன்னால் அவள் தலைகுனிய வேண்டும்.

மாலதி ஹேர் டிரையரைச் சிப்பின் மேல் பிடித்தாள். சூடான காற்று சீறியது. திரையில் 10.000. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். கடைசிச் சைபர்கூட அசையவில்லை.

கைதட்டல் எழுந்தது. ஜெபஸ்டின் மெல்ல மூச்சு விட்டான்.

"எப்டி மேடம்?" என்றாள் சுவேதா என்ற மாணவி.

"வைவாவுக்கு மொத நாள் ஒரே ஒரு ரெசிஸ்டர மாத்துனேன். சூட்டுல சிப்பு எண்ண ஏத்துனா, இந்த ரெசிஸ்டர் அத எறக்கிடும். அன்னிலேர்ந்து நகரல."

பாவம், அவளுக்கு எங்கே தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

"உன்னோடதும் நல்லாத்தான் இருந்துச்சு ஜெபா. அநியாயமா எரிஞ்சுபோச்சு."

"அதெல்லாம் இப்ப எதுக்கு?"

போன் அடித்தது. மனைவி பிரிசில்லா. பேச்சுச் சத்தத்துக்கு நடுவே காதோடு அழுத்திப் பிடித்தான்.

"ஏங்க, காலைல ஏதோ போர்டுக்கு பேட்டரி மாத்துனீங்கல்ல?"

"ஆமா. புதுசு போட்டுத்தான் எடுத்தாந்தேன்."

"கிழிச்சீங்க! பழசுன்னு மேசைல வச்சிட்டுப் போனத, குப்பைல போடறதுக்கு முன்ன நாக்குல வச்சுப் பாத்தேன். சுருக்குனு இழுக்குது. புதுச இங்க விட்டுட்டு, செத்தத மாட்டிக்கிட்டுப் போயிருக்கீங்க."

ஜெபஸ்டின் போர்டை வெளியே எடுத்தான். அதன் சிவப்பு விளக்கு எரியவில்லை.

திரையில் 10.000 அப்படியே நின்றது.