ஒரு வாளிச் சாம்பல்

"கொடுக்க மனசில்லைன்னா வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். எரிச்சா காட்டணும்?"

தையல்காரம்மா குட்டைச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்துக் கேட்டாள்.

பக்கத்துத் தோட்டத்தில் பெயிண்டரின் மனைவி மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, அணைந்த நெருப்பைக் குச்சியால் கிளறிக்கொண்டிருந்தாள்.

எரிந்து போனது குழந்தைக் கட்டில். மஞ்சள் பெயிண்ட் அடித்து, கண்ணாடி மாதிரி பளபளத்த மரக்கட்டில். அதில் படுத்துத் தூங்கிய ஒன்றரை வயதுப் பையன், போன மாதம் வலிப்பு வந்து போய்விட்டான்.

அன்றைக்குத் தையல்காரம்மாவும் ஒரு பாட்டம் அழுதவள்தான். ஆனால் அவள் மகளுக்கு இப்போது ஏழாம் மாதம். சும்மா கிடக்கிற கட்டில்தானே என்று கேட்டாள்.

"இல்லைக்கா" என்று ஒரே வார்த்தை.

சரி, போகட்டும் என்று விட்டால், அதே கட்டில் தெருமுனைக் குப்பையில் கிடந்தது! ஆசையாசையாய் இழுத்து வந்தாள். வாசலில் வைப்பதற்குள் பெயிண்டரின் மனைவி ஓடி வந்து பிடுங்கிக்கொண்டு போனாள். மறுநாளே கோடாலி, தீப்பெட்டி.

அதோடு விட்டாளா? "உங்க மகளை இன்னைக்கு மட்டும் வேற எங்கேயாவது அனுப்பிடுங்கக்கா. புகை வரும்" என்று காலையில் வந்து நின்றாள்.

"வயித்துப் பிள்ளைக்காரியை வீட்டை விட்டுத் துரத்துறா பாரு! நம்ம வீட்டுல பிள்ளை பிறக்கப் போகுதேன்னு வயித்தெரிச்சல்" என்று பொருமியபடியே, மகளைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டுவந்தாள் தையல்காரம்மா.

இப்போது அவள் கையில் வாளி இருந்தது.

"கட்டில்தான் போச்சு. சாம்பலையாவது கொடு. கீரைப் பாத்தியில தூவினா பூச்சி அண்டாது. மகளுக்குத் தினமும் கீரைதான் சமைக்கிறேன்."

"வேணாங்கக்கா."

"சாம்பலுக்குமா கஞ்சத்தனம்?"

பெயிண்டரின் மனைவி சாம்பலை ஒரு தகர டின்னில் அள்ளி மூடினாள். ஒரு பக்கத்திலிருந்து அடிமண்ணைக்கூட விடாமல் சுரண்டிக்கொண்டே வந்தாள்.

'அடிப்பாவி! அடுத்தவளுக்கு ஒரு சிட்டிகை போயிடக் கூடாதா?'

டின் நிறைந்தது. இன்னொன்று எடுக்க அவள் உள்ளே போனாள். தையல்காரம்மாவுக்கு அந்த நேரம் போதும். சுவரைத் தாண்டினாள், மிச்சச் சாம்பலை வாளியில் வாரினாள், திரும்பி வந்து கீரைப் பாத்தி ஓரம் நின்று ஒரு பிடி அள்ளினாள்.

"ஐயோ, போடாதீங்க!"

பின்னாலேயே பாய்ந்து வந்தவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். இரும்புப் பிடி. அள்ளிய சாம்பலை வாளியிலேயே உதறவைத்து, வாளியையும் பறித்துக்கொண்டாள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையா? உன் பிள்ளை போயிட்டா ஊர்ப் பிள்ளை எல்லாம் போகணுமா?"

சொன்ன பிறகுதான் தையல்காரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டாள். எதிரே நின்றவள் வாளியை மார்போடு அணைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள்.

பக்கத்து வீட்டுப் பின்கதவு திறந்தது. பெயிண்டர். குழந்தை போனதிலிருந்து தூரிகையைத் தொடாதவர்.

"நீங்க உள்ளே போங்க" என்று மனைவி பதறினாள். "ஒண்ணுமில்லை, சும்மா பேசிட்டிருக்கோம். நீங்க எதுவும் சொல்ல வேணாம்."

"எனக்காக எத்தனை நாளைக்கு நீயே ஏச்சு வாங்குவே?"

அவர் சுவர் அருகே வந்தார்.

"அந்தச் சாம்பல் கீரைக்கு ஆகாதுக்கா. அதுல ஈய விஷம் இருக்கு. எரிச்சாலும் போகாதாம். குழந்தை ரத்தத்துலயும் அதுதான் இருந்துச்சுன்னு டாக்டர் சொன்னாரு."

"விஷமா? பச்சைப் பிள்ளை உடம்புல எப்படி தம்பி?"

"பல்லு முளைச்சதிலிருந்து அந்தக் கட்டில் சட்டத்தைத்தான் கடிச்சிட்டிருந்தான்."

பெயிண்டர் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

"இரும்பு கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட், ஈயம் கலந்தது, மிச்சம் இருந்துச்சு. என் பிள்ளை கட்டிலாச்சே, பளபளன்னு இருக்கட்டும்னு நான்தான் நாலு கோட் அடிச்சேன்."