கைக்குட்டையில் வந்த வாட்ச்

இடது தோள்பட்டை விண்விண்ணென்று தெறித்தது. காலையிலிருந்து சிமெண்டு மூட்டை இறக்கிய வலி. வலது கையால் தாங்கிப் பிடித்துத்தான் அந்தக் கையைக் கடையின் கண்ணாடி மேசைமேல் தூக்கி வைக்க முடிந்தது மூட்டைக்காரரால்.

பழைய வாட்ச் கடைக்காரர் ஒன்றைக் கட்டிவிட்டார். தங்க முலாம், தோல் பட்டை.

"இதக் கட்டிக்கிட்டு மாப்பிள்ளையா உட்காரலாம் தம்பி, மூட்ட தூக்க முடியாது. என் வேர்வைக்கு இந்தத் தோலு ஒரு மாசத்துல நாறிடும். தெனமும் கட்டுற மாதிரி காட்டு."

அடுத்தது மெலிந்த அழகு. ஆனால் நாள் தவறாமல் சாவி கொடுக்க வேண்டும்.

"வேலை முடிஞ்சு வந்தா எனக்கே யாராவது சாவி குடுக்கணும். வேற எடு."

குடோனுக்குள் செல்போன் கூடாது. வேலை முடிந்ததா என்பதைச் சூப்பர்வைசரின் கை வாட்ச்தான் சொல்லும். சாயங்காலம் ஆனால் அது நொண்ட ஆரம்பித்துவிடும். "நேரமாச்சு சார்" என்று மூட்டைக்காரர் தன் பிளாஸ்டிக் வாட்ச்சைக் காட்டினால், "உன் பொம்மையும் என் வாட்ச்சும் ஒண்ணாய்யா?" என்று சிரிப்பான். அந்தச் சிரிப்பை அடைக்கத்தான் இங்கே வந்திருந்தார். அவன் கட்டியிருக்கிற அதே பெரிய கம்பெனி வாட்ச் வேண்டும். பழசானாலும் சரி, விலை கைக்கு எட்டினால் போதும்.

"அப்படியொண்ணு இப்பத்தாண்ணே வந்திருக்கு. அந்த சார் கொண்டாந்தது." கடைக்காரர் ஓரத்து நாற்காலியில் இருந்தவனைக் காட்டினார்.

சட்டை மடிப்புக் கலையாத ஆள். இரண்டு விரலால் ஒரு கைக்குட்டையைப் பிரித்து மேசைமேல் உதறினான். வாட்ச் விழுந்தது. கனத்த ஸ்டீல், ஸ்டீல் பட்டை. வெளிறிய முகத்தில் விநாடி முள் வழுக்கிக்கொண்டு ஓடியது. பட்டையின் கண்ணிகளுக்குள் கறுப்பாய், பிசுபிசுவென்று யாரோ ஒருவர் உடம்பின் அழுக்கு. தினமும் அழுக்கில் புரளும் மூட்டைக்காரருக்கே குமட்டியது.

"தேய்ச்சா போயிடும்ணே. இதுக்கு சாவியும் வேணாம், பேட்டரியும் வேணாம். கை ஆடுற ஆட்டத்துல தானா முறுக்கேறிக்கும். கழட்டி வச்சா ரெண்டு நாள்ல நின்னுடும். உங்கள மாதிரி உழைக்கிற கைக்குத்தான்."

"யாரோடது?"

"சாரோட அப்பாவோடது. என் கடையில ஒரு கண்டிஷன். உசுரோட இருக்கிற ஆளோட பொருள்னா அவரே வந்து குடுக்கணும், இல்லாட்டி தொடமாட்டேன். சாரோட அப்பா தவறிட்டாராம்."

"நாலு மாசமாச்சு," என்றான் மகன். "அன்னையிலிருந்து பீரோவுக்குள்ளயே கெடந்துச்சு."

"ஏன் சார், நீங்க கட்டிக்கலாமே?"

"சீ! நானா?" அவன் விரல்களைக் கைக்குட்டையில் துடைத்தான். "அவர் கை எந்நேரமும் வெடவெடன்னு நடுங்கும். ஊட்டுற கரண்டியத் தட்டி விட்டுடுவார். எச்சி, கோழை எல்லாம் அந்தக் கையிலதான். நெனச்சாலே வாந்தி வருது. ஒரு நாள் நான் இதப் போட்டதில்ல. நேரம் வைக்கிற அந்தத் திருகைக்கூடத் தொட்டதில்ல. அப்படியே சுத்தி எடுத்துட்டு வந்தேன்."

அழுக்கைப் பார்த்து வந்த குமட்டல் இப்போது ஆளைப் பார்த்து வந்தது. பெற்றவரைப் பற்றிப் பேசுகிற பேச்சா இது? மேசையை விட்டு எழுந்துவிடலாம் என்றிருந்தது மூட்டைக்காரருக்கு. எழவில்லை. வாட்ச் அவ்வளவு பாந்தமாக இருந்தது. எழாத தன்மேலும் கொஞ்சம் அருவருப்பு வந்தது.

பேரம் நீளவில்லை. எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அவன் தலையாட்டினான். தள்ளிவிட்டால் போதும் என்கிற அவசரம். பாதிப் பணத்தை நீட்டினார் மூட்டைக்காரர். நோட்டில் ஒட்டியிருந்த சிமெண்டுத் தூளைப் பார்த்து அவன் முகத்தைச் சுளித்தான், ஆனால் வாங்கிக்கொண்டான்.

"மீதி?"

"கட்டிப் பாத்துட்டுத் தரேன் சார். எங்க ஓடிப்போறேன்?"

கடைக்காரர் சோப்பு நுரையில் பிரஷ்ஷை முக்கி, கண்ணிகளைத் தேய்த்து, துடைத்துக் கட்டிவிட்டார். இரும்பின் குளிர்ச்சி மணிக்கட்டில் இதமாக இறங்கியது. நாளைச் சாயங்காலம் சூப்பர்வைசரின் மூஞ்சி எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தபோது தோள்வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது.

"நேரத்த வச்சுக்குங்கண்ணே."

மூட்டைக்காரர் திருகைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு கையைப் பார்த்தார். மறுபடியும் சுவரைப் பார்த்தார். இரண்டிலும் ஒரே நேரம்.

திருகை மெல்ல விட்டார். நாலு மாதமாகப் பீரோவுக்குள் கிடந்த வாட்ச், ஒரு நிமிஷம்கூடப் பின்தங்காமல் அவர் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னய்யா யோசன? மீதியக் குடு, எனக்கு நேரமில்ல," என்றான் மகன்.

மூட்டைக்காரர் மீதிப் பணத்தைச் சட்டைப் பைக்குள் திரும்ப வைத்தார். வலித்த தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"வீட்டுக்கு நடங்க சார். மீதிய உங்கப்பாவோட நடுங்குற கையிலதான் குடுப்பேன்."