மூணாம் நம்பர்

"மரங்களுக்குள்ள போனதும் யாரும் யாரையும் பேரு சொல்லிக் கூப்பிடக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்!"

அழகம்மா போட்ட போட்டில், வழிகாட்ட வந்த டீச்சர் சாந்தினி திகைத்துப் போனாள்.

"ஆன்ட்டி, சின்ன விளையாட்டுதான். நான் கை தட்டினதும் பக்கத்துல இருக்கிறவங்க பேரைச் சத்தமா சொல்லணும். அப்பதான் யாரும் காணாமப் போக மாட்டாங்க."

"பேரு சொன்னா அங்க இருக்கிறதெல்லாம் கேட்டுக்கிட்டுப் பின்னாலயே வந்துரும்லா. எஸ்டேட்டுக்காரங்க யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு. நம்பர் வெச்சுக்கலாம். இவரு ஒண்ணு, நான் ரெண்டு, எம் மக மூணு, பேத்தி நாலு."

மலேசியாவில், லூனாஸில் புதிதாக வந்த வீடமைப்புப் பகுதியின் பூங்கா அது. ஊஞ்சல் உண்டு, சிமெண்டுப் பாதை உண்டு, பத்தடிக்கு ஒரு அறிவிப்புப் பலகை உண்டு. பழைய எஸ்டேட்டின் ரப்பர் மரங்களில் நூறு மட்டும் வெட்டாமல் விட்டிருந்தார்கள். அதைக் காடு என்றால் காடே சிரிக்கும்.

ஆனால் மூணாம் நம்பரான வாசுகிக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா ஏன் இந்தச் சட்டம் போடுகிறாள் என்று அவளுக்கா தெரியாது?

ஏழு வருஷத்துக்கு முன்னால், அனந்தனைத்தான் கட்டுவேன் என்று அவள் நின்றபோது, அப்பா குழந்தைவேலு குதித்த குதி கொஞ்சமா!

"அவங்க யாழ்ப்பாணத்துக்காரங்க, ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். எஸ்டேட்டுல பால்மரம் வெட்டுனவன் மகதானேன்னு நாளைக்கு ஒரு வார்த்தை சொன்னா நீ தாங்குவியா?"

அவள் கேட்கவில்லை. "இனிமே உம் பேரு என் வாயில வராது. மாரியாத்தா மேல சத்தியம்!" என்றார் அப்பா. சொன்னபடியே இருந்தும் காட்டினார்.

போன மாதம்தான் அம்மா போன் செய்தாள். "அப்பா உன்னப் பாக்கணும்கிறாரு. பிள்ளையத் தூக்கிக்கிட்டு வா." ஜொகூரிலிருந்து அன்று காலை ஓடி வந்தவளுக்கு ஒரே ஓர் ஆசை. அப்பா ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

"அவரு சத்தியத்தைக் காப்பாத்தத்தானே இந்தக் கதையெல்லாம்?" என்று அம்மாவின் காதைக் கடித்தாள்.

"வாய மூடிக்கிட்டு நட," என்று அழகம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

குழந்தைவேலுவோ கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல் உற்சாகமாக இருந்தார். டீச்சர் பறவையைக் காட்டினால் அவர் கூட்டைக் காட்டினார். கீழே கிடந்த ரப்பர் கொட்டை ஒன்றை எடுத்துச் சிமெண்டில் பரபரவென்று தேய்த்து, பேத்தி பிரேமினியின் கையில் வைத்தார்.

"ஆ! பானாஸ், தாத்தா! சுடுது!"

"உங்கம்மாவும் இப்படித்தான் குதிப்பா. ஒரு தடவ கன்னத்துல வெச்சிட்டேன். ரெண்டு நாளா எங்கூடப் பேசல, ராங்கி!"

வாசுகிக்குக் கண் கலங்கியது. அந்தக் கன்னம்வரை ஞாபகம் வைத்திருக்கிறார், பேர் மட்டும் வாயில் வரவில்லையே! என்ன அழுத்தம்!

பொறுக்க முடியாமல் அவர் முன்னால் போய் நின்றாள். "அப்பா, நான் யாரு? சொல்லுங்க பாப்போம்."

அவர் அவளைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு முகமெல்லாம் பல்லாக, "மூணு!" என்றார்.

டீச்சரும் பிரேமினியும் சிரித்தார்கள். வாசுகியும் சிரிப்பதுபோல் வாயை வைத்துக்கொண்டாள்.

ஒரு மணி நேரத்தில் சுற்றி முடித்து வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"மரமெல்லாம் தாண்டியாச்சும்மா. இப்பக் கூப்பிடலாம் இல்ல?"

"காடியில ஏறி வீட்டுக்குக் கெளம்பினப்புறம் பாத்துக்கலாம்," என்றாள் அழகம்மா.

அதற்குள் குழந்தைவேலு கை நிறையக் கொட்டை பொறுக்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் பொட்டலமாக மடித்து, வாசுகியிடம் நீட்டினார்.

"பத்திரமா வெச்சுக்க ஆத்தா. வீட்டுல பாப்பா வெளையாடட்டும்." பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊஞ்சலுக்கு நடந்தார்.

அந்தத் தாளைப் பார்த்ததும் அழகம்மாவின் முகம் வெளுத்தது. "ஐயையோ, அதையா குடுத்தாரு? எங்கிட்ட குடுடி!"

"எதுக்கும்மா?" வாசுகி கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

அழகம்மா அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

"பத்து மாசமாச்சு. மொதல்ல சாமான் பேரெல்லாம் போச்சு. அப்புறம் ஆளுங்க பேரு. டாக்டரு மறதி நோவுங்கிறாரு. இன்னைக்குக் காலையில என் பேரே வரல. ஏழு வருஷம் கழிச்சு வந்த பிள்ள முன்னால அவரு முழிச்சிக்கிட்டு நின்னா என்னால தாங்க முடியாதுடி. அதான் அந்தச் சட்டம்."

கொட்டைகள் சிமெண்டில் உருண்டோட, வாசுகி தாளைப் பிரித்தாள். அப்பாவின் கோணல் கையெழுத்து.

'இன்னைக்கு வர்றது எம் மக. மாரியாத்தா மன்னிச்சுக்க. பேரு சொல்லிக் கூப்பிடணும்.'

அதற்குக் கீழே, முதல் வகுப்புப் பிள்ளை எழுதிப் பழகியதுபோல், தாள் நிறைய ஒரே பேர்: வாசுகி, வாசுகி, வாசுகி.