உட்கார்ந்து பார்த்த வண்டி

நான் ஆசைப்பட்ட ஸ்போர்ட்ஸ் காரை ஜப்பானிலிருந்தே கப்பலில் இறக்கலாம், மலிவு என்று மருமகன் போனில் படம் காட்டினார். படத்தில் எல்லாம் பளபளக்கத்தான் செய்யும். "உட்காராத வண்டியை வாங்க மாட்டேன் மாப்பிள்ளை" என்று உள்ளூர் ஷோரூமுக்கு இழுத்துப் போனேன். அதே சிவப்பு வண்டி தரையோடு படுத்துக் கிடந்தது. உள்ளே உட்கார்ந்தேன். நாற்பது வருஷம் லாரி ஏறி இறங்கிய முட்டி, எழுந்திருக்க மாட்டேன் என்றது.

"ஐயா, தூக்கி விடட்டுமா?" என்றாள் ஷோரூம் பெண்.

மருமகன் சிரித்தார். "இறங்கவே முடியலை, இதையா ஓட்டப் போறீங்க மாமா?"

"இறங்குறதுக்கா வண்டி வாங்குறோம்?"

சட்டைப்பையில் கொண்டுபோயிருந்த நாலு எலுமிச்சம்பழத்தையும் அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். "சக்கரத்துக்கு ஒண்ணா வை தாயி. கையெழுத்துப் போடுற பேப்பரை இங்கேயே கொண்டா."